தையல் போட மறுத்த நர்ஸ்

ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி தொழிற்சாலை முதலுதவி அறையில் வேலை பார்ப்பவள். மூத்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“நேத்து எங்க மேனேஜரையே ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி அனுப்பிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“லைன்ல ஆபரேட்டர் ஒருத்தருக்கு உள்ளங்கை கிழிஞ்சிடுச்சு. டாக்டர் லீவு. விஷயம் வெளிய போவக் கூடாது, நீயே தையல் போடுன்னாரு மேனேஜர். போட்டா என் லைசென்ஸ் போயிடும் சார்னேன். போடலேன்னா வேலை போயிடும்னாரு. முடியாதுன்னுட்டேன்க்கா. வேலை போனா வேற தேடிக்கலாம், லைசென்ஸ் போனா?”

“எங்களுக்கும் அதே பயந்தான். டாக்டர் போன்ல சொல்ற ஊசியை நாங்க போடுவோம். ஏதாவது ஆச்சுன்னா, நான் சொல்லவே இல்லன்னுடுவாரு. அப்புறம்?”

“இன்னா பெரிய காயம்னு, நான் போட்டிருந்த கட்டை மேனேஜரே பிரிச்சாரு. ரத்தத்தைப் பாத்ததும் தொப்புனு வுழுந்துட்டாரு!”

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

“ஆம்புலன்ஸ்ல ஆபரேட்டர் உக்காந்துக்கினு போனாரு, மேனேஜர் படுத்துக்கினு போனாரு.”

“உன் வேலை?”

“கீதுக்கா. காலையில வந்து, சிஸ்டர், நான் மயங்குனதை மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. சத்தியமா சொல்ல மாட்டேன் சார்னேன்.”

அதற்குள் பாதிப் பேருந்து சிரித்துக்கொண்டிருந்தது.