ஆமா, அப்புறம்?

டீ வேண்டுமா என்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன். உண்மையில் நான் டீ குடிப்பதே இல்லை ஐயா. என்ன செய்ய, தொழில் பழக்கம். அது பாட்டுக்கு ஆறட்டும்.

எங்கள் நாடகத்துக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு ஆள். பார்க்க வந்தவர்களில் யாராவது ஓர் இடத்தின் பெயரைக் கத்துவார்கள். பஸ், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, ஏதோ ஒன்று. அந்த இடத்தை அங்கேயே உண்டாக்கிச் சிரிக்க வைக்க வேண்டும். கதவு, கத்தி, குடை எல்லாம் வெறுங்கைதான். சட்டம் ஒன்றே ஒன்று: கூட நடிப்பவன் என்ன சொன்னாலும் "இல்லை" என்று சொல்லக்கூடாது. "ஆமா, அப்புறம்?" என்று ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும். மறுத்தால் காட்சி செத்துவிடும்.

என்னோடு நடித்தவனை எல்லோரும் பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் ஒன்றாக நடித்தோம். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன். என்னை நாயாக்கினான், குரைத்தேன். பிணமாக்கினான், கிடந்தேன். ஒரு நாள் போஸ்ட் ஆபீஸ் காட்சி. "உன் பொண்டாட்டி என்கூட வந்துட்டாளே, தெரியுமாடா?" என்றான். "ஆமா, அப்புறம்? அவ துணிமணிய உன் வீட்டுக்குப் பார்சல் போடத்தான் வந்தேன்" என்றேன். அரங்கமே அதிர்ந்தது. முன் வரிசையில் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாலு மாதம் கழித்து அவள் நிஜமாகவே பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"அவர் வீட்டுக்குப் போறேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

வாய் தன்னால் "ஆமா, அப்புறம்?" என்றது.

"அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வலித்தது ஐயா, பொய் சொல்லமாட்டேன். இருந்தாலும் அடுத்த ஞாயிறு மேடைக்குப் போனேன். பங்காளி மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

போன ஞாயிறு பகல் காட்சியில் ஓர் அம்மாள் "சலூன்" என்று கத்தினார். பங்காளி முந்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். "புது மாப்பிள்ளைக்கு வழவழன்னு ஷேவ் பண்ணி விடுப்பா" என்றான். வெறுங்கையால் துண்டு போர்த்தினேன், நுரை தடவினேன். பிறகு கால்சட்டைப் பையில் இருந்த சவரக்கத்தியை எடுத்து விரித்தேன். அது மட்டும் வெறுங்கை இல்லை.

தொண்டையில் சில்லென்று பட்டதும் கண்ணைத் திறந்தான். "டேய், இது நிஜம்டா. வேணாம்டா" என்றான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஆமா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தேன், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், நிதானமாக. ரத்தம் முன் வரிசை வரை அடித்தது. அவள் வழக்கம்போல் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவன் கால் நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்தது. நான் இல்லாத துண்டால் அவன் தாடையைத் துடைத்துவிட்டேன்.

திட்டம் போட்டுச் செய்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எங்கள் தொழிலில் திட்டம் போடுவது கேவலம். எல்லாம் அந்த நிமிஷம் தோன்றுவதுதான். சலூன் என்றது ஜனம், கழுத்தை நீட்டியது அவன். நான் ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். யாராவது ஒருவர் சலூன் என்று சொல்லட்டும் என்று ஏழு மாதமாக ஒவ்வொரு காட்சிக்கும் அந்தக் கத்தியைத் தீட்டிப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேனே தவிர, நான் எதையும் திட்டமிடவில்லை ஐயா.