முகமூடியோடு வந்தால் கொட்டகைக்கு அனுமதி

பண்பின் பெட்டகமே, பாதுகாப்பின் பேரரணே, பெயின்ட் ஆலையின் ஆய்வகத்தை ஆண்டாண்டாய்க் காத்த அன்னையே, மேவிஸ் அம்மையாரே!

அவையில் இருக்கும் கண்ணுகளே, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அம்மாவின் பெருமைக்கு ஒரு கதை போதும், சொல்கிறோம்.

ஹடப்சரில் மழை கொட்டித் தீர்த்த ஆடி மாதம். நம் ஆய்வக வேதியியலர் ஸ்ரீவத்சன் தேநீர் வேளையானால் முகமூடியைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, வாசலுக்கு எதிரே உள்ள டப்ரி என்னும் பெட்டிக்கடைக்கு ஓடிச் சிகரெட் பற்றவைப்பார். நெஞ்சில் இருமல் குடியேறியிருந்தது. மனைவி ப்ரீதி கேட்டால், "லேப் நெடி" என்பார். நனைந்து அலுத்தவர், பாதுகாப்பு அதிகாரியான தங்களிடம் வந்து நின்றார்.

"மேடம், பின்பக்கம் சிகரெட் பிடிக்க ஒரு தகரக் கொட்டகை. நீங்க சரின்னா மேனேஜர் போட்டுத் தர்றாராம்."

"போடட்டும் தம்பி. உள்ளே வர்றவன் முகமூடி மாட்டணும், அவ்வளவுதான்."

"அரே பாபா! மாட்டிக்கிட்டு எப்படிப் புகைக்கிறது?"

"பென்சீன் புட்டியைத் திறக்கும்போது மட்டும் ஏன் மாட்டுறே?"

"ரூல் இருக்கே."

"சிகரெட் புகையிலயும் அதே பென்சீன்தான். ஃபார்மால்டிஹைடு, காட்மியம், ஆர்செனிக் எல்லாம் கூட வருது. நான் பூட்டி வச்சதை நீ தீ வச்சு இழுத்துட்டு, என் லேப் மேலயா பழி போடுறே? ப்ரீதி சொன்னா."

ஸ்ரீவத்சனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "கெடுதின்னு தெரிஞ்சவன் தானா விடட்டும். சர்க்கார் எதுக்கு மேடம் நடுவுல?"

"உனக்கு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ரூல் இல்லேன்னா முகமூடி மாட்டியிருப்பியா?"

மனிதர் யோசித்துப் பார்த்தார். மாட்டியிருக்க மாட்டார். படித்த புத்தி பாதி வழியில் நின்றுவிட, சட்டமல்லவா தன் மூச்சைக் காத்திருக்கிறது! புட்டிக்குப் பூட்டுப் போட்ட அரசு, புகைக்கும் போடத்தான் வேண்டும். எதை விற்பது, எங்கே விற்பது, உள்ளே என்ன இருக்கலாம் என்று கேட்கத்தான் வேண்டும் என்பது அன்று அவருக்கு விளங்கியது.

கொட்டகை எழவில்லை. ஸ்ரீவத்சன் சிகரெட்டை விட்டார், சறுக்கிப் பற்றவைத்தார், ப்ரீதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி விட்டார். இன்று ஓய்வு பெறும் தாங்கள், தங்கள் பொறுப்பை ஏற்கக் கைகாட்டியது அவரைத்தான். நேற்று ஒருவர் கொட்டகைப் பேச்சை எடுக்க, "முதல்ல மாடிப்படி ஏறிட்டு வா, பேசலாம்" என்றார். சொல்லிக்கொண்டே, மூச்சு வாங்காமல், முன்னால் ஏறியும் போனார்.

வாழ்க அம்மா, நலமும் வளமும் நீங்காமல்! கேட்டிருந்த உங்கள் வீடுகளிலும் அடுப்புப் புகையன்றி வேறு புகை எழாதிருக்கட்டும். பிள்ளைகளின் சிரிப்பு இருமலின்றி ஒலிக்கட்டும்.

அன்பில் குறையாத
ஆய்வகத் தமிழ் ஊழியர்கள்,
ஹடப்சர், புனே