அக்காவின் கையெழுத்து

— விழுந்தியா? நல்லா வேணும். எந்திரி, பேன்ட்டைத் தட்டு.

— நான் எங்க விழுந்தேன், ஸாய்யுன்? கல்லு வழுக்குச்சு.

— கல்லு மேல பழியப் போடாதய்யா. இந்தக் கோட்டைச் சுவரு கட்டின நாள்லேர்ந்து அந்தக் கல்லு அங்கதான் கெடக்கு. நீ முட்டிக்கிட்டு வந்த, நான் கையை இளக்கினேன், நீயே போய் விழுந்த. பாவ்லின், இது தாய்ச்சி, கையோட கை ஒட்டி ஆடற வித்தை. உன் நிலக்கரி லாரி இல்ல.

— முப்பது வருஷம் லாரி ஓட்டின கை தாயே. எதுக்க ஆள் வந்தா ஹாரன் அடிக்கும், நகரலைன்னா இடிக்கும். ரைட்டு, ஒண்ணு போச்சு. இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கி.

— பந்தயம் ஞாபகம் இருக்குல்ல? மூணு ஆட்டம். அதுக்குள்ள என் கால் ஒரே ஒரு தடவை எடம் மாறினாலும் நீ ஜெயிச்ச.

— ஜெயிச்சா இந்தச் சிவப்பு அட்டையில நீ கையெழுத்து போடணும். 'இவனை எனக்குத் தெரியும், நல்லவன், சீடனா சேத்துக்கலாம்'னு. எட்டு மணிக்கு மண்டி போட்டு ஆசானுக்கு டீ குடுக்கணும். சிபாரிசுக்குப் பழைய சீடர் பேரு ஒண்ணு இல்லைன்னா மனுஷன் கோப்பையைத் தொடக்கூட மாட்டாரு.

— ஏன்யா, விவாகரத்து பண்ணின பொண்டாட்டி கையாலதான் 'நல்லவன்'னு எழுதி வாங்கணுமா? ஊர்ல வேற ஆளே இல்ல?

— எல்லாரையும் கேட்டாச்சு. உனக்கு அடுத்துச் சேந்த அந்தப் பொண்ணு பான்கிட்ட கேட்டேன், சளின்னு சொல்றா. சளி பிடிச்சா கையெழுத்து வராதா? ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த டீ மூணு வருஷம் கழிச்சுதான். அதுவரைக்கும் நான் வெளியாள், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வரலாம். மனசு வை, பெரியக்கா.

— அப்படிக் கூப்பிடாத.

— அதென்ன, பான் கூப்பிட்டா பல்லைக் காட்டற, நான் கூப்பிட்டா மூஞ்சியச் சுளிக்கற? முன்னாடி சேந்தவ அக்கா, பின்னாடி வந்தவன் தம்பி. அதானே இங்க முறை? உன்னைவிட மூணு வயசு மூத்தவன், இன்னிலேர்ந்து உனக்குத் தம்பி. நம்ம பொண்ணு கேட்டா வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிப்பா.

— வாயடிச்சது போதும். கையைக் குடு. ரெண்டாவது ஆட்டம்.

— இந்தா.

— ஐயய்யோ, இவ்ளோ விறைப்பா? நேத்து வச்ச ரொட்டி தோத்துது போ. தோளைத் தொங்கவிடு. இன்னும். இன்னும்யா! ஆங், இப்பத்தான் மாவு பதமா இருக்கு.

— பள்ளிக்கூட கேன்டீன்ல பிள்ளைங்களையும் இப்படித்தான் விரட்டுவியா? ஆமா, என்னை மாதிரி ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற அந்த லுவோ ஏன் படிக்கட்டோட நின்னுடறான்? நல்லா ஆடற ஆளு. அட்டையத் திருப்பிக் குடுத்துட்டானாமே?

— கையைக் கவனி.

— கவனிச்சிட்டுத்தான் இருக்கேன். ஏதாச்சும் திருட்டு கிருட்டு?

— சீ, தங்கமான பையன். எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே போய்க் கேளு. உனக்கு எதுக்கு ஊர்வம்பு? இந்தா, மறுபடியும் தள்ள வர்ற... போச்சு! ரெண்டு!

— அம்மா... இடுப்பு!

— முட்டி வலிக்குதுன்னு வந்தவன் இடுப்பு வலியோட போகப்போற.

— சிரி, நல்லா சிரி. கடைசி ஆட்டம். வா.

— கண்ணை மூடு.

— கண்ணை மூடிட்டு லாரி ஓட்டச் சொல்றியே!

— மூடுய்யா. நானும் மூடிக்கறேன். தள்ளணும்னு நினைக்காத. என் கை என்ன சொல்லுதுன்னு தோலால கேளு. அவ்ளோதான் இந்த வித்தையே.

— ரைட்டு.

— மெதுவா... அட. பரவால்லியே. இப்படியே சுத்து. பாவ்லின், ஒண்ணு கேக்கறேன். என் இடது பக்கம் வாசக்கதவு மாதிரித் தொறந்து கெடக்கு. மூணு ஆட்டமும் அப்படித்தான். பால்குடி மறக்காத புள்ளகூட அங்கதான் தள்ளும். நீ மட்டும் அந்தப் பக்கம் வரவே மாட்டேங்கற. ஏன்?

— அங்க உனக்கு வலிக்கும்.

— யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. ஆறு மாசத்துக்கு முன்னாடி, முதல் நாள் கை வச்சப்பவே தெரிஞ்சுது. இடது தோளு நூலளவு பின்னாடி போகுது. ஆபரேஷன் பண்ணின பக்கம்தானே?

— ஆபரேஷன் பண்ணினப்ப நீ எங்க இருந்த?

— ஷான்ஸி ரோட்டுல. லோடோட.

— மூணு தடவை சொன்னேன்யா. மார்ல கட்டி மாதிரி இருக்குன்னு மூணு தடவை. முதல்ல நீ டயர் தேய்ஞ்சதைப் பத்திப் பேசின. அடுத்த தடவை 'ம்'ன. மூணாவது தடவை சொல்லிட்டே இருக்கேன், நீ செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்ட. நான் ஒத்தையா ஹான்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். காது கேக்காத புருஷனோட குடும்பம் நடத்திடலாம். கேட்டுக்கிட்டே கேக்காதவனோட என்னால முடியல.

— ஆமா, ஸாய்யுன். தப்பு என்மேலதான். முட்டி வலின்னு சொன்னதுகூட பொய். என் முட்டி ரெண்டும் பாறை. மனுஷங்களுக்குக் கேக்கக் கத்துக்குடுக்கற எடம் இதுதான்னு ஒருத்தன் சொன்னான். வந்துட்டேன். வந்து பாத்தா அங்க நீ நிக்கற.

— பொய்.

— ரைட்டு, நீ இருக்கறது தெரிஞ்சுதான் வந்தேன். உள்ள சேந்துட்டா தினமும் உன்கூட கை வைக்கலாமில்ல? அதுக்குத்தான் இந்த அட்டை. வேற ஒண்ணும் கேக்கல. தம்பியாவே இருந்துட்டுப் போறேன்.

— கண்ணைத் தொறக்காத. சுத்து.

— ஸாய்யுன்.

— என்ன?

— உன் கால்.

— என் காலுக்கு என்ன?

— எடம் மாறிடுச்சு. நான் தள்ளல. சத்தியமா தள்ளல.

— தெரியும்யா. நான்தான் சாஞ்சேன்.

— ஸாய்யுன் அக்கா! பாவ்லின் அண்ணே! ஆசான் உக்காந்தாச்சு, டீ ஆறிப்போகுது! அட்டை எங்கன்னு கேக்கறாரு!

— தோ வந்துட்டோம், பான்! உன் சளி போயிடுச்சு போல? குரல் கணீர்னு இருக்கு! ஸாய்யுன், இந்தா பேனா. இங்க, இந்தக் கோட்டு மேல.

— மாட்டேன்.

— என்னது?

— நீ ஜெயிச்ச, ஒத்துக்கறேன். ஆனா கையெழுத்து போட மாட்டேன்.

— இது அநியாயம்! பந்தயம்னா பந்தயம்! ஆறு மாசமா உன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு அலைஞ்சேன். நேத்து கழுதைக்கறி சாசேஜ் வாங்கியாந்தேன், ஒரு துண்டு மிச்சம் வைக்காம தின்ன!

— நல்லாத்தான் இருந்துச்சு.

— அப்ப என்னை எப்பவும் மன்னிக்க மாட்ட. அதானே? அதை மூஞ்சிக்கு நேரா சொல்லிடு, நான் கீழ எறங்கிப் போயிடறேன்.

— மரமண்டை! கேட்ட ஒவ்வொருத்தரும் ஏன் நழுவினாங்கன்னு கொஞ்சமாச்சும் யோசிச்சியா? லுவோ, நம்ம ஆசானுக்கு ஏற்கெனவே டீ குடுத்த சுன்லிப் பொண்ணு மேல ஆசைப்பட்டான், அதனாலதான் அட்டையத் திருப்பிக் குடுத்தான். ஆசான் வீட்டுக் கட்டுப்பாடுய்யா, ஒரே ஆசானுக்கு டீ குடுத்த அக்காவும் தம்பியும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. பேனாவை மூடு.