அறுபத்திரண்டாவது ஆள்

வேன்காரி: மேல ஊத்துங்க... இன்னும் மேல. வேன் கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கர்ல என் மூஞ்சி இன்னும் சிரிச்சிட்டே இருக்கு பாருங்க.

நூலகர்: ஊறட்டும்மா. இப்பவே சுரண்டினா பாதி மூஞ்சிதான் வரும்.

வேன்காரி: வரட்டும். நானும் பாதிதானே ஜெயிச்சிருக்கேன்.

நூலகர்: நானூத்திப் பதினெட்டுக்கு நானூத்திப் பதினெட்டு! ஒரு வார்டு தேர்தல்ல இப்படிச் சரிசமமா...

வேன்காரி: நின்னது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க. இந்தப் பக்கம் உங்க பொண்டாட்டி, அந்தப் பக்கம் உங்க அக்கா.

நூலகர்: பதினொரு மணிக்குச் சீட்டுக் குலுக்கப் போறாங்க. யார் பேர் வந்தாலும் குடும்பத்துக்குள்ளதானே...

வேன்காரி: அந்தப் பேச்சே வேணாம். பள்ளிக்கூட முக்குல ஒரு வேகத்தடை போடுங்கன்னு உங்க அக்காகிட்ட எத்தனை வருஷமா கேக்குறேன்? "பாக்கலாம், பாக்கலாம்"னே ரெண்டு தடவை உறுப்பினரா இருந்துட்டாங்க. தினமும் இருபது பிள்ளைங்களை அங்கே இறக்கி விடுறவ நான். லாரி திரும்புறப்பல்லாம் பிள்ளைங்களைக் கையைப் பிடிச்சு ஓரமா இழுக்கிறது நான்தான்.

நூலகர்: அது சரிதான்...

வேன்காரி: ஒரு ஓட்டுங்க. ஒரே ஒரு ஓட்டு! அன்னைக்குப் படுத்துத் தூங்கினவன் எவனாவது எழுந்து வந்திருந்தா...

நூலகர்: அப்படிக் கேளு! நம்ம வார்டுல நூத்துக்கு அம்பத்தெட்டு பேர்தான் வந்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல ஓட்டுப் போடலைன்னா அபராதம், தெரியுமா?

வேன்காரி: ஆரம்பிச்சாச்சா...

நூலகர்: பழைய ஏதென்ஸ்ல, சபை கூடுற நாள்ல, சந்தையில நின்னு அரட்டை அடிக்கிறவங்களைச் சிவப்புச் சாயம் தோய்ச்ச கயித்தால வளைச்சு ஓட்டிட்டுப் போவாங்களாம். துணியில சாயம் பட்டுச்சோ, மாட்டினான்!

வேன்காரி: அந்தக் கயிறு எனக்குக் கிடைச்சிருந்தா வேனுக்குப் பின்னாடி கட்டியிருப்பேன்.

நூலகர்: சுவிட்சர்லாந்துல பாதிப்பேர்கூட வராத தேர்தல் எல்லாம் உண்டு. அதே நாட்டுல பொம்பளைங்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு கிடைச்சதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணுலதான். கிடைக்காதவங்க ஏங்கினாங்க, கிடைச்சவங்க...

வேன்காரி: குறட்டை விடுறாங்க. துணியைப் பிழிஞ்சு குடுங்க.

நூலகர்: ஆப்பிரிக்காவுல காம்பியான்னு ஒரு நாடு, அங்கே ரொம்ப காலமா கோலிக்குண்டுலதான் ஓட்டு. டிரம்முக்குள்ள போட்டா மணி டிங்குனு அடிக்கும். ரெண்டு டிங் கேட்டா கள்ள ஓட்டுன்னு தெரிஞ்சிடும்.

வேன்காரி: ஒரு டிங்கும் கேக்கலைன்னா?

நூலகர்: ...என்னது?

வேன்காரி: சும்மா கேட்டேன். நீங்க போட்டீங்கல்ல?

நூலகர்: என்னம்மா கேள்வி இது! அன்னைக்கே விரலைக் காட்டினேனே?

வேன்காரி: காட்டினீங்க. அஞ்சு தடவை காட்டினீங்க.

நூலகர்: நீ வேன்ல ஏத்திட்டு வந்தவங்களே அறுபத்தொரு பேரு. அவங்களைச் சொல்லு, பெருமையா இருக்கு.

வேன்காரி: அறுபத்திரண்டு.

நூலகர்: நோட்டுல அறுபத்தொண்ணுதானே எழுதியிருந்த?

வேன்காரி: கடைசி ஆளை எழுத நேரமில்ல. ஆமா... வாளித் தண்ணி ஏன் ஊதாவா இருக்கு?

நூலகர்: ஸ்டிக்கர் சாயமா இருக்கும்.

வேன்காரி: ஸ்டிக்கர் பச்சைங்க.

நூலகர்: அப்போ... பெயின்ட்டு...

வேன்காரி: வேன் மஞ்சள். கையைக் காட்டுங்க.

நூலகர்: ஈரம்மா...

வேன்காரி: காட்டுங்கன்னா! ...எங்கே மை? பக்கத்து வீட்டுக்காரர் சோப்புப் போட்டுத் தேய்ச்சும் அவருக்குப் போகல. உங்களுக்கு மட்டும் வாளியில கரையுதா? புஸ்தகத்துல முத்திரை குத்துற மைதானே?

நூலகர்: தினமும் ரெண்டு வேளை தொட்டு வச்சுக்குவேன். இன்னைக்கு நூலகம் லீவு.

வேன்காரி: அடப்பாவி மனுஷா!

நூலகர்: வரிசையில நின்னேம்மா, சத்தியமா! எனக்கு முன்னாடி மூணே பேர். அக்கா பேரை நினைச்சா உன் மூஞ்சி வருது. உன் பேரை நினைச்சா, அக்கா என்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சதெல்லாம் வருது. கால் தானா திரும்பிடுச்சு. நேரா டீக்கடை.

வேன்காரி: அப்போ, படுத்துத் தூங்கினவன்...

நூலகர்: நான்தான். ரெண்டு நாளா சோறு இறங்கல. சீட்டுல உன் பேர் வரலைன்னா அது என்னாலதான். திட்டு. வாளியைத் தூக்கி அடி... ஏன் சிரிக்கிற?

வேன்காரி: திட்டணும்னுதான் பாக்குறேன். வாய் வரல.

நூலகர்: திட்டிடும்மா, நீ சிரிச்சா இன்னும் பயமா இருக்கு.

வேன்காரி: உங்க விரலை மறைக்கிற மும்முரத்துல, என் விரலை ஒரு தடவையாவது பாத்தீங்களா?

நூலகர்: உன் விரலுக்கு என்ன? கொண்டா இங்கே... அந்தக் கை... ஏம்மா! பத்து விரல்லயும் ஒண்ணுமே இல்லையே! உன் ஓட்டை நீயே போடலையா?

வேன்காரி: எல்லாரையும் இறக்கி விட்டுட்டுக் கடைசியா போடலாம்னு இருந்தேன். நம்ம சாவடிக்குத் திரும்புறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க.

நூலகர்: கடைசி நேரத்துல பெட்ரோல் போடப் போனேன்னு சொன்னியே... பொய்யா? யாரு அந்த அறுபத்திரண்டாவது ஆள்?

வேன்காரி: ஸ்கூட்டர் நின்னுபோய், முட்டிவலியோட நடுரோட்டுல தவிச்சிட்டு இருந்தாங்க. நம்ம வார்டுக்கு ரெண்டு சாவடி, அவங்களோடது ஊர்க்கோடியில. பாத்தும் பாக்காத மாதிரி வர எனக்கு மனசு வரல... உங்க அக்காதான். போங்க, இன்னொரு வாளி தண்ணி கொண்டாங்க. ஸ்கூட்டர் இன்னும் சரியாகலையாம், பதினொரு மணிக்கு அவங்களையும் ஏத்திக்கிட்டுத்தான் போகணும்.