நிரோஜாவுக்கு நான் சொன்ன சட்டம்

தரை துடைப்பவன் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். அப்போதுதான் ஈரத்தில் சொந்தக் காலடி விழாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே காட்டிக் கொடுப்பேன். பொதுவாக நான் உதவி செய்கிற ஆள். நீங்கள் யாரிடமும் விசாரித்துப் பார்க்கலாம்.

பெயர் தியாகலிங்கம். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், வந்தேறிய பெரியவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அதற்கு முதல் நெடுங்காலம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். எழுத்து வாசனை கிடையாது. ஐம்பது தாண்டிய பிறகு இதே பள்ளிக்கூடத்தில் றெபேக்கா என்கிற ஆசிரியை எனக்குப் பிரெஞ்சு எழுத்துக் காட்டினார். அந்தத் துணிச்சலில் கோயிலில் சின்னப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்து தமிழும் படித்தேன். நடுவில் முதுகு பிடித்து மாதக்கணக்கில் வகுப்புக்குப் போகவில்லை. றெபேக்கா என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. தங்கமான மனுசி.

அங்கே பிரெஞ்சு படிக்க வந்த நிரோஜாவுக்கு வயிற்றில் பிள்ளை என்பது பள்ளிக்கூடத்தில் முதலில் தெரிந்தது எனக்குத்தான். கழிவறையில் வாந்தியைத் துடைத்தவன் நான். பத்தொன்பது வயது, தனியாக அகதியாக வந்த பிள்ளை, யாரோ வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். தகப்பன் யார் என்று நான் கேட்கவில்லை. அவள் போட்டிருந்த நீலக் குளிர் ஜக்கெற் என் மகன் டினோஜனுடையது. மலிவு விற்பனையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வேலை முடிய என்னைக் காரில் ஏற்ற வருகிறவன், அவளையும் மெட்ரோவில் இறக்கிவிடுவான். எனக்கு விசயம் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அவளுக்கு வயிறு என்பது டினோஜனுக்கே தெரியாது.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அவளுடைய ஊரைக் கேட்டேன். சொன்னாள்.

"ஊரில எந்தப் பக்கம், பிள்ளை?"

அதையும் வெள்ளை மனதோடு சொன்னாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது போதும். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. ஆனால் டினோஜன் பொறியியல் கடைசி வருடம். ரொறன்ரோவில் ஒரு நல்ல இடத்தில் அவனுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சட்டம் உங்களுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு படிக்கிறவளுக்கு அவளுடைய உரிமைகளைப் பள்ளிக்கூடமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான். வயிறு விசயம் றெபேக்காவுக்கும் தெரியவந்தது. நிரோஜாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது, மொழிபெயர்ப்பாளர் வரச் சுணங்கும் என்றார்கள். றெபேக்கா என்னைக் கூப்பிட்டார். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போனேன்.

றெபேக்கா ஆறுதலாகச் சொன்னார். படிப்பை விடத் தேவையில்லை. பிள்ளை பெற்று, உடம்பு தேறித் திரும்பி வரலாம், இடம் இருக்கும். தவறிய சோதனையைப் பிறகு எழுதலாம். கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தையைச் சேர்க்கவும் உதவி உண்டு. எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. அவர் படிப்பித்த பிரெஞ்சுதானே.

நான் நிரோஜாவின் பக்கம் திரும்பினேன். "பிள்ளை, வயிறு தெரிய முன்னம் பள்ளிக்கூடத்தால நிண்டிட வேணுமாம். இஞ்சத்தைச் சட்டமாம்."

அவள் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். பிறகு கேட்டாள்: "பொடியனுக்கும் ஏதும் வருமோ, அங்கிள்?"

இதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. அவளாகவே எடுத்துத் தந்தாள்.

"ஓம். பேர் தெரிஞ்சால் அவன்ரை படிப்பையும் நிப்பாட்டிப் போடுவினம்."

"அப்ப நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்களும் மூச்சு விடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்."

அழுதாள். ஏன் என்று றெபேக்கா கேட்டார். சந்தோசம் தாங்கவில்லை என்றேன். றெபேக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. டிஷ்யூப் பெட்டியை அவளிடம் நீட்டி, எனக்கு மெர்சி என்று நன்றி சொன்னார்.

டினோஜன் எடுக்கக்கூடாதென்று நிரோஜா தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைத் தானே மாற்றினாள். ரொறன்ரோவில் சொந்தக்காரரிடம் போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன். டினோஜனுக்கும் அதையே சொன்னேன். கூட ஒரு பொடியன் போனதாக மட்டும் சேர்த்தேன். சில நாள் சாப்பிடாமல் திரிந்தான். இளம் வயது, பிறகு சாப்பிட்டான்.

அவளை நான் நடுத்தெருவில் விடவில்லை. லாசால் பக்கத்து இறைச்சித் தொழிற்சாலையில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, பெட்டி அடுக்குகிற வேலை எடுத்துக் கொடுத்தேன். நாள் முழுக்க நிற்க வேண்டும், தூக்க வேண்டும். வயிறு தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள், ஜக்கெற்றைக் கழற்றாதே என்று புத்தி சொன்னதும் நான்தான். ஏழாம் மாதம் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தாள். ஆண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று ஆஸ்பத்திரியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டபோது, சட்டம் என்றாளாம். அப்படித்தான் நீங்கள் என்னை இந்த விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. அந்தச் சட்டத்தைச் சொன்னது நான். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். றெபேக்காவில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் வருவதற்கு முதல் நாள், ஜான்-டலோன் சந்தையில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்ததும், "டினோஜன் சோதினை பாஸோ, மாமா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவை என்னை மாமா என்றாள்.

"ஓம் பிள்ளை, பாஸ்."

சிரித்தாள். தோடம்பழத்தை நானே உரித்து, விதை எடுத்து, வாயில் வைத்தேன். நீங்கள் என்னைப் பற்றி என்னவும் எழுதுங்கள். இந்த நாட்டில் அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யாரும் இருக்கவில்லை.