அக்காவின் ஈரலிலிருந்து எடுத்த தண்ணீர்

பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது, ஊசிக்காரர் என்றால் தெரியும். வயது நாற்பத்தாறு. கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மருந்தகத்தை ஒட்டிய குடியிருப்பில் கடைசி வீடு. என் அக்காவும் ஒரு நாயும் என்னுடன் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் அக்காவுக்கு வலது விலாவின் கீழ் வலி வந்தது. ஸ்கேனில் ஈரலில் தேங்காய் அளவு நீர்க்கட்டி தெரிந்தது. நாயின் வயிற்றில் வளரும் புழுவால் வருவது என்று அறுவை டாக்டர் சொல்லி, வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ஆடு அறுக்கும் கூடத்திலிருந்து நீர்ப்பை கட்டிய ஈரலை அதற்குப் பல வருடமாகக் கொண்டுவந்து போட்டது நான்தான் என்பதைச் சொல்லவில்லை; அதைத் தின்றுதான் நாய்க்கு அந்தப் புழு வரும். ஒரு மாதம் மாத்திரை, பிறகு ஆபரேஷன், அதுவரை வயிற்றை அழுத்தக்கூட வேண்டாம் என்றார்.

அதன் பிறகு பத்தாம் நாள் காலை அக்கா வலியில் சுருண்டு கிடந்தார். வயிறு உப்பிய மாடுகளை ஊசி குத்திப் பிழைக்க வைத்தவன் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஊசியைக் கொதிக்க வைத்துக் குத்தி மூன்று சிரிஞ்சு நீர் எடுத்தேன். குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. வலி குறைந்துவிட்டது என்று அக்கா சிரித்தார். அதன் பிறகு சில நிமிடத்தில் உள்ளங்கை அரித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டியது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பயத்தில், ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். டாக்டர் ஊசி குத்திய தடத்தைப் பார்த்த பிறகே உண்மையைச் சொன்னேன். உடனே வயிற்றைத் திறந்து, உப்பு நீரில் நனைத்த துணிகளைச் சுற்றி வைத்து, கட்டியின் உள்தோலை எடுத்தார்கள். ஆனால் நீர் ஏற்கெனவே வயிற்றுக்குள் கசிந்திருந்தது.

"ஒரு சொட்டு போதும், அதுல இருந்து எத்தனையோ கட்டி வளரும். எங்க ஒட்டியிருக்குன்னு தெரிய வருஷக்கணக்காகும்" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அக்காவுக்கு இது தெரியாது. தம்பி மேல் தப்பில்லை என்று அவர் போலீஸாரான உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். நேற்று வயிற்றில் குழாயோடு படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி வந்தா இங்க வேணாம்டா. நீயே குத்தி எடுத்துடு. உன் கைபட்டதும்தான் வலி போச்சு."

சரி என்று தலையாட்டினேன்.

இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை. ஊசி போடும் இதே கையால் கையொப்பமிடுகிறேன்.