கால்பந்து ஆபீஸ் தொடர்: பார்க்கலாமா, வேண்டாமா?

நகைச்சுவைத் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறவனுக்குச் சிரிப்பு வராது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. மிட்டாய்க் கடைக்காரனுக்கு இனிப்பு திகட்டிப்போகிற மாதிரிதான். எனக்குத் திகட்டி வெகுகாலம் ஆகிறது. அதற்காகப் பிழைப்பை விட முடியுமா? யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்தே எழுதி ஒப்பேற்றிவிடுவேன்.

முதலில் மனைவியை உட்கார வைத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். நடுவில் வந்த சோப்பு விளம்பரத்துக்கும் சிரித்தாள். புருஷன் வேலை கெட்டுவிடக் கூடாதே என்ற நல்ல மனசு. அந்தச் சிரிப்பை நம்பிப் போன முறை ஒரு தொடரை ஆகா ஓகோ என்று எழுதினேன். வாசகர்கள் காறித் துப்பினார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வானிலைப் பக்கத்துக்கு மாத்திடுவேன்" என்றார் ஆசிரியர்.

அந்த நேரம் பார்த்துதான் என் மைத்துனன், மனைவியின் தம்பி, வயிற்றில் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் வந்து படுத்தான். நீளமான தையல். இருமினாலே உயிர் போய் உயிர் வரும். தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டுதான் இருமுவான். "அவனைச் சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று வேலைக்குக் கிளம்பும்போது மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் எல்லாரும் ஓசியில் சிரிக்கிறார்கள். இவன் ஒருவன்தான் வலியைக் கொடுத்துச் சிரிக்க வேண்டியவன். இவன் சிரித்தால் அதில் கலப்படம் இருக்காது. எந்த விமர்சகனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமையும், சொல்லுங்கள்?

அவனுக்குப் போட்டுக் காட்டிய தொடர், எப்போதும் தோற்கிற ஒரு கால்பந்து கிளப்பின் ஆபீஸில் நடக்கும் கதை. எட்டுப் பாகம். மைதானத்தில் புல் வளர்க்கிறவர் ஒருவர் வருகிறார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த புல்லில் ஆட்டக்காரர்கள் கால் வைத்ததும், "விளையாடறதுன்னா வெளிய போய் விளையாடுங்கப்பா" என்கிறார். மைத்துனன் பல்லைக் கடித்தான், முகம் சிவந்தது, பிறகு அடக்க முடியாமல் வெடித்தான். "ஐயோ அத்தான், வலிக்குது. நிறுத்துங்க." முதல் பாகம் தேறும் என்று குறித்துக்கொண்டேன்.

தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்ததில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அதனால் வாங்கி வைத்துவிட்டேன். அவன் போனையும்தான், கவனம் சிதறும் இல்லையா?

நாலாம் பாகத்தில் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதில் ஆபீஸ் கணக்கர் இறங்குகிறார். பந்தைப் பிடித்துவிட்டு, அடித்தவனிடம் ரசீது கேட்கிறார். மைத்துனன் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான். அழுதான் என்றும் சொல்லலாம், எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் மனைவி போன் செய்து தம்பி எப்படி இருக்கிறான் என்றாள். "விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருக்கான்" என்றேன். "விளையாடாதீங்க" என்று வைத்துவிட்டாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஏழாம் பாகம் முடியும்போது போர்வை சிவப்பாக நனைந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அத்தான்" என்றான், மெதுவாக. ஆம்புலன்ஸைக் கூப்பிட எனக்கும் தோன்றத்தான் செய்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஏழு பாகம் பார்த்துவிட்டு எட்டாவதைப் பார்க்காமல் எழுதுவது வாசகருக்குச் செய்கிற துரோகம். "ஒண்ணே ஒண்ணுதான் மாப்ளே, அரை மணி நேரம்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். எட்டாம் பாகம் தொடங்கும் முன்பே அவன் இறந்திருப்பான் என்று உங்கள் போலீஸ் டாக்டர் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர் அங்கே உட்கார்ந்து பார்த்தாரா? கண் திறந்துதான் இருந்தது. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் முதல் ஏழு பாகங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். கடைசிப் பாகம்தான் சொதப்பல். அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.